பாவுக்கு முன்னால் பந்தயக் கார்

பட்டணத்திலிருந்து நண்பரின் புதுப் பந்தயக் காரில் வருகிறோம். இருக்கை இலவம்பஞ்சு மெத்தையேதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறார். ஒவ்வொரு பள்ளத்திலும் என் முதுகெலும்பு அதை மறுக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் காரை நிறுத்த வேண்டியதாகிறது. தறியில் ஏற்ற வேண்டிய பட்டிழைகளைத் தெரு நெடுகப் பாவாக நீட்டிக் கட்டி, கஞ்சி தடவிக்கொண்டிருக்கிறார்கள். நண்பர் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறார். பாவுக்குப் பக்கத்தில் நிற்கும் நெசவாளர் நிதானமாகத் திரும்புகிறார்.

“பாவு காயணும் சாமி. எங்க புள்ளையாரு பொறப்பாடே அடுத்த தெருவால சுத்திக்கினு போவும். காயற வரைக்கும் வண்டியிலயே சௌக்கியமா குந்திக்கினு இருங்க.”

“ஐயையோ, வேண்டாம்!”

அலறுவது நானில்லை, நண்பர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்பே கீழே இறங்கிவிட்டார்.