காலி ஜாடி

தின்பண்டப் பொட்டலங்களுக்கு பிளாஸ்டிக் தாள் அச்சடிக்கும் தொழிற்சாலை எங்களுடையது. மையில் உள்ள கரைப்பான் தாளில் தங்கிவிட்டால் பண்டமும் நாறும். அதனால் தாளைத் துண்டு போட்டு, கண்ணாடி ஜாடியில் அடைத்து, சூடாக்கி, மூடியைத் திறந்து முகர வேண்டும். பதினெட்டு வருடமாக அது மூக்கரின் வேலை. அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். அவருக்கு அடுத்த மூக்கு என்னுடையது.

மனுஷர் தலைக்கு வாசனை எண்ணெய் தொட்டதில்லை, பவுடர் போட்டதில்லை. வீட்டில் சோப்பை மாற்றினால் அன்றைக்குச் சண்டைதான். இப்படிக் கட்டிக்காத்த மூக்குக்குப் போட்டியாகத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வந்தது. அதையாவது பொறுத்திருப்பார். கொண்டுவந்தவன் அவருடைய சகலை. மச்சினியைக் கட்டியவன், பத்து வயது இளையவன், மாமனார் வாய்க்கு வாய் புகழும் மருமகன்.

"உள்ள ஒரு சிப் இருக்குண்ணே. அதுமேல கண்ணுக்கே தெரியாத நானோ துகள் பூசியிருக்கோம். கரைப்பான் ஆவி பட்டா அதுல கரண்ட் ஓடுறது மாறும். அது நம்பரா வரும்" என்று விளக்கினான்.

"வரட்டும், வரட்டும்" என்றார் மூக்கர்.

மதியம் என்னிடம் பொருமித் தீர்த்தார். "சொந்தக்காரங்க கூடுனா அவன் காரு, அவன் சம்பளம், இதே பேச்சு. நான் பெரியாளா இருந்தது இந்த ஒரு ரூம்லதான். அதுக்கும் வந்துட்டான்." வயிறு எரிந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மறுநாள் சோதனை. கருவி தேறினால் முகரும் வேலை கிடையாது, மூக்கர் கிடங்குக்குப் போகவேண்டும் என்று மானேஜரம்மா சொல்லிவிட்டார். நான்கு ஜாடியில் தாள், ஐந்தாவது காலி. எதுவும் இல்லாத இடத்தில் கருவி சும்மா இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. ஜாடிகளை அடுக்கியவர் மூக்கர்.

நான்கிலும் அவர் சொன்னதையே கருவியும் சொன்னது. காலி ஜாடியில் எண் எகிறியது. சகலையின் முகம் சுண்டிப்போனது.

"காலி ஜாடிக்கே கத்துது!" மூக்கருக்கு வாயெல்லாம் பல்.

"நீங்க மோந்து சொல்லுங்க" என்றார் மானேஜரம்மா.

நிதானமாக முகர்ந்தார். "சுத்தம். ஒண்ணுமில்ல."

ஜாடி என்னிடம் வந்தது. யோசிக்காமல் சொல்லித் தொலைத்தேன்: "லேசா எத்தில் அசிடேட் அடிக்குதே?" மையில் கலக்கும் கரைப்பான் அது. மானேஜரம்மாவும் முகர்ந்து தலையாட்டினார்.

மூக்கரின் மூக்கு போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். சகலை அவர் தோளில் கை வைத்தான். "விடுங்க மேடம். வயசாச்சில்ல, அண்ணனுக்கு முன்ன மாதிரி தெரியாது. கிடங்குல நல்ல வேலையா பாத்துக் குடுங்க."

பேசாமல் இருந்திருந்தால் மரியாதையாகக் கிடங்குக்குப் போயிருக்கலாம். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"என் மூக்குக்கு ஒரு கேடும் இல்லடா! குச்சியில தொட்டு உள்ள தடவுனதே நான்தான். எத்தில் அசிடேட் மட்டுமில்ல, அந்தக் குச்சியில டொலுவீன்னு இன்னொரு கரைப்பானும் ஒட்டியிருந்துச்சு. இந்தப் பொண்ணும் கண்டுபிடிக்கல, உன் மெஷினும் சொல்லல!"

அன்று மாலையே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஜாடிகளைக் கழுவ எடுத்தபோது ஐந்தாவதைத் திறந்து, கண்ணை மூடி, நெடுநேரம் முகர்ந்தேன். டொலுவீன் இருந்தது.