நெருஞ்சி காத்தவர்

ராயபுரத்தில் எங்கள் கால்பந்து மைதானத்துக்கு ஒரு காவல்காரர் இருந்தார். தொளதொளத்த காக்கி அரைக்கால்சட்டை, கடற்காற்றில் படபடக்கும் வெள்ளை மீசை. பூட்ஸ் காலோடு யாரையும் உள்ளே விடமாட்டார். எங்கள் பையன்கள் எப்போதும் வெறுங்காலில்தான் ஆடுவார்கள். ஆட வரும் வெளியூர்க்காரர்களும் கழற்றித்தான் ஆகவேண்டும்.

அந்த ஆண்டு அகில இந்தியப் பந்தயத்தை மதராஸில் நடத்தக் கேட்டிருந்தோம். மைதானத்தைப் பார்க்கக் கல்கத்தாவிலிருந்து மூன்று துரைமார் வந்தார்கள். சங்கக் காரியதரிசியான நான் மூன்று ரோஜா மாலைகளோடு நின்றேன்.

"பூட்ஸ கயட்டிட்டு போ தொரே!" என்று காவல்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார்.

துரைமார் சிரித்துக்கொண்டே கழற்றினார்கள். பத்தடி போவதற்குள் மூவரும் ஒற்றைக்காலில் குதித்தார்கள். தரை முழுக்க நெருஞ்சி முள். மாலைகூட வாங்காமல் நொண்டிக்கொண்டே வண்டியேறினார்கள். பந்தயம் பம்பாய்க்குப் போயிற்று.

"ஏன் பெரியவரே, இந்த முள்ளைப் பிடுங்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"இன்னா சார் நீ? நம்ம பசங்களுக்கு காலு காச்சி கீது, குத்தாது. வெளியூர்க்காரன் குதிச்சிகினு கீறப்போ தானே நம்மாளு கோலு போடறான்!"

எங்கள் கோப்பைகளெல்லாம் எப்படி வந்தன என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. மூன்று மாலைகளையும் அவர் கழுத்திலேயே போட்டேன்.