குண்டூசித் துளைகள்

உள்ளங்கைக்குள் அடங்கும் புத்தகம் அது. எண்பத்தொரு தாள்கள், அவற்றுள் ஆறில் எழுத்தே இல்லை. ஏறக்குறைய முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அச்சான ஒரு பஞ்சாங்கத்தையும், ஒரு வீட்டுப் பெண் கையால் எழுதிய மருந்துக் குறிப்புகளையும் யாரோ சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பஞ்சாங்கத்தின் தொடக்கத்தில் ஒரு மனிதன் நிர்வாணமாக நிற்பான். தலை மேடத்துக்கு, கழுத்து இடபத்துக்கு, பாதங்கள் மீனத்துக்கு என்று பன்னிரண்டு இராசிகளும் அவன் உடம்பைப் பங்கு போட்டிருக்கும். சந்திரன் நிற்கும் இராசிக்குரிய உறுப்பில் அன்று கத்தி வைக்கக் கூடாது. பேதி மருந்து கொடுக்க ஆகும் நாள், ஆகாத நாள் என்று மாதாமாதம் பட்டியல் வேறு. பின்பகுதியில் நத்தையை வடித்தெடுத்த நீர், பன்னீர், தேன் என்று அந்தப் பெண்ணின் வைத்தியம்.

சிட்னியில் ஒரு நூலகத்தின் அரிய நூல் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். வாசலில் நாற்பத்துமூன்று படிகள். வரும் புத்தகங்களின் தாள்களை எண்ணி, குறைவு நிறைவைப் பதிவது என் வேலை. எண்ணிக்கையில் ஒருநாளும் பிழை விட்டதில்லை. அந்தப் புத்தகத்தின் நாட்காட்டிப் பக்கங்களில் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகள் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன. ஊசிகள் துருவேறிக் கறள் பிடித்திருந்தன. கறள் தாளைத் தின்றுவிடும். கழற்ற வேண்டும் என்பது விதி. நான் முதலில் எல்லா ஊசிகளையும் கழற்றினேன். துண்டுகளை ஒரு தட்டில் போட்டேன். பிறகு கையில் வந்த ஒழுங்கில் பென்சிலால் இலக்கமிட்டு, ஓர் உறைக்குள் வைத்து, மேலே ‘31’ என்று எழுதினேன். எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் போதுமாயிருந்தது.

நாலு மாதம் கழித்து அந்தப் புத்தகத்தை ஆராய இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒரு பெண் வந்தார். யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக இருந்து, இங்கே வந்து மருத்துவ வரலாறு படித்தவர். நான் தமிழன் என்று தெரிந்த முதல் நாளே என்னை அண்ணை என்றார். நான் படியேறும்போது முணுமுணுப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். “அண்ணை, சோறு தின்னேக்கையும் பருக்கை எண்ணுறனீங்களோ?” என்று எல்லார் முன்னும் கேட்பார். எனக்குக் கோபம் வரும். அவர் விடுமுறையில் நின்ற நாட்களில் அந்த அறை வெறிச்சென்று இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

துண்டுகளில் இருந்தவை ஒற்றை வரிகள். ‘பேதிக்குக் கொடுத்தேன்.’ ‘மருந்தைக் கக்கிவிட்டாள்.’ ‘இன்று கஞ்சி குடித்தாள்.’ நோயாளி ஒரு சிறுமி. எதிலும் திகதி இல்லை. குத்தியிருந்த நாள்தான் அதன் திகதி. மருந்தாளர் இதை ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்தார்.

“எங்கட அம்மாவும் பஞ்சாங்கம் பாக்காமல் படலை தாண்டமாட்டா. ஆனா எனக்குக் காய்ச்சல் எண்டால் அட்டமியும் இல்லை, நவமியும் இல்லை. இந்த மனுசி என்ன செய்தவ? ஆகாத நாளிலயும் மருந்து குடுத்தவவோ, இல்லாட்டி நட்சத்திரத்துக்குப் பயந்து பாத்துக்கொண்டு இருந்தவவோ? அதுதான் அண்ணை எனக்குத் தெரியவேணும். என்ர கட்டுரையே அதுதான்.” பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “இதுகளை ஆர் கழட்டினது?”

“வரேக்கையே உதிரியாத்தான் வந்தது” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வேலை போயிராது. பிழை விடாத மனிதன் என்ற பெயர் போயிருக்கும், அதுவும் ஊர்க்காரி ஒருத்தி முன். அவர் என் முகத்தைச் சற்றுப் பார்த்தார். பிறகு, துண்டுகள் உதிரியாக வந்தவை என்று நூற்பட்டியலில் பதிந்தார்.

சில வாரங்களுக்குப் பின் என் மேசைக்கு வந்தார். பக்கங்களில் ஊசி போன துளைகள் இருக்கின்றன, துண்டுகளிலும் இருக்கின்றன. இரண்டு துளைகளுக்கிடையில் உள்ள தூரத்தை அளந்தால் எது எங்கே இருந்தது என்று பொருத்தலாம் என்றார். “எண்ணித் தாறியளோ அண்ணை? உங்களைவிட ஆர் எண்ணுவினம்?” துளை பொருந்தினால் என் பொய்யும் வெளிப்படும் என்று பயந்தேன். நேரமில்லை என்றேன். அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பதில். தனியே தொடங்கினார், மற்ற வேலைகளுக்கிடையில் முடிக்க முடியவில்லை. ஒப்பந்தம் முடிய மெல்பேர்னில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலைக்குப் போய்விட்டார். கட்டுரை எழுதப்படவில்லை.

பதினாறு வருடம் கழித்து, போன மாதம் மெல்பேர்னின் மல்கிரேவிலிருந்து அழைத்தார். ஓய்வு பெற்றுவிட்டாராம், அந்தக் கட்டுரையை எழுதி முடிக்க ஆசையாம். “இப்ப நேரம் இருக்குத்தானே அண்ணை?” என்று சிரித்தார். ஓம் என்றேன்.

வீட்டருகே லிட்கமில் ரயிலேறிப் பழைய நூலகத்துக்குப் போனேன். பழைய முழங்கால் நோவோடு படிகளில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வாசகனாகக் கையெழுத்திட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் அமர்ந்து, தை மாதம் முதல் மார்கழி வரை புரட்டினேன். ஒரு துளையும் இல்லை. மார்கழியிலிருந்து பின்னோக்கி மீண்டும் பார்த்தேன். விசாரித்தபோது, நூலக மேசையிலிருந்த இளம்பெண் கணினித் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் பணிவாக விளக்கினாள். இரண்டு வருடத்துக்கு முன் புத்தகத்தைச் செப்பனிட்டபோது துளைகளைக் காகிதக் கூழால் அடைத்துவிட்டார்களாம். துண்டுகள் உதிரியாக வந்தவை என்று பட்டியலில் இருந்ததால், அந்தத் துளைகளைக் காப்பாற்றக் காரணமிருக்கவில்லையாம். வேலை மிகச் சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை மல்கிரேவுக்கு அழைப்பு எடுத்தேன்.

“எத்தினை அண்ணை?” என்றார், ஹலோ கூடச் சொல்லாமல்.

“ஒண்டும் இல்லை. அடைச்சுப்போட்டாங்கள், தங்கச்சி.” பிறகு மிச்சத்தையும் சொன்னேன். “அது உதிரியா வரேல்லை. நான்தான் கழட்டினனான்.”



“தெரியும் அண்ணை. துளையைச் சுத்திக் கறள் தூள் புதுசா உதிர்ந்து கிடந்தது. அதைக் கண்டாப்பிறகுதானே உங்களை எண்ணித் தரச்சொல்லிக் கேட்டனான். வாயால சொல்லாமலே நீங்கள் அதைச் சரிக்கட்டலாம் எண்டு நினைச்சன்.”

பிறகு என் முழங்கால் நோவு எப்படி என்று விசாரித்தார். நானும் பதில் சொன்னேன்.