கேட்டில் கொடுத்த புளிப்பு மிட்டாய்

விசில் என்ற பட்டப்பெயரை நான் முதலில் கேட்டது என் தம்பி மகள் வாயால். அவளுக்கு அப்போது பதினொரு வயது. "அத்தே, விசில் சார் அப்பாவுக்கு மிட்டாய் குடுத்தாரு. அப்பா மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

விசில் பகலெல்லாம் தபால் ஆபீஸில் கடிதம் பிரிப்பவர். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குவார். பெற்றவர்களுக்கு மைதானத்துக் கேட்டிலேயே ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய். "உறிஞ்சுங்க, கடிக்காதீங்க. அது கரையிற வரைக்குமாவது பிள்ளைங்க நிம்மதியா ஆடட்டும்" என்பார். பிள்ளைகளுக்கு ஒரே சட்டம். முடியவில்லையா, தலையில் கை வை. ஏன் என்று கேட்காமல் வெளியே எடுத்துவிடுவார். கை வைக்காத பிள்ளையைத் தானாக எடுக்கவும் மாட்டார். "அது அதுங்க முடிவு."

என் தம்பி மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டுக் கத்துகிற ரகம். எங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருந்த அதே தொண்டை. பந்து கைக்கு வந்தால் அவன் மகள் கூடையைப் பார்க்க மாட்டாள். அப்பா முகத்தைத்தான் பார்ப்பாள்.

அவளுக்கு இழுப்பு உண்டு, அம்மா வழியில் வந்தது. ஒரு மேட்சில், பாதி ஆட்டத்துக்கு மேல், மூச்சுக்கு மூச்சு அவள் தொண்டைக்குழி உள்ளே போவதைப் பார்த்தேன். கை காது வரைக்கும் எழுந்தது. எங்கள் பக்கம் பார்த்தாள். அந்தக் கை சடை ரிப்பனைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிட்டது.

"டேய், பிள்ளைக்கு இழுக்குதுடா. கூப்பிடுடா!"

"சும்மா இரு அக்கா. நாலு நிமிஷம்தான் இருக்கு. ஓடுடி! என்ன தூக்கமா?"

விசிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கை தலைக்குப் போகட்டும் என்று காத்திருந்தார். மறுபடி கை எழுந்தது, மறுபடி ரிப்பன். அவள் உதடு நீலமாகி இருந்தது. அடுத்த கணம் முழங்கால் மடங்கித் தரையில் கிடந்தாள்.

விசில்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் முகத்திலிருந்து ஆக்ஸிஜன் மாஸ்க்கை எடுத்த பிறகு விசில் குனிந்து கேட்டார். "ஏம்மா தலையில கை வெக்கல?"

அவள் கண் அப்பாவிடம் போயிற்று.

தம்பி சுவரைப் பார்த்துச் சொன்னான். "கை வெச்சா வீட்டுக்குள்ள வராதேன்னு சொல்லியிருந்தேன்."

தம்பியை அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். விசில் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் கையையே பாத்துட்டு இருந்தேன். கண்ணு எங்க போகுதுன்னு பாக்கல. அந்தத் தப்பு என்னுது."

அன்றோடு சட்டம் மாறியது. பந்து கையில் இருக்கும்போது பெற்றவர் பக்கம் பார்க்கிற பிள்ளையை அந்த நிமிஷமே வெளியே எடுத்தார். இரண்டு மாதம் கழித்து அவளும் ஆட வந்தாள். தம்பி தானாகவே கேட்டுக்கு வெளியே நின்றான், கன்னத்தில் முழு மிட்டாயோடு. எனக்கு மட்டும் அவள் கை ரிப்பனுக்குப் போகும்போதெல்லாம் உயிர் போய் வரும்.

விசில் இப்போது தன் சின்ன மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். முழங்கால் போய்விட்டது. மேட்ச் நாளில் யாராவது கூட்டிவந்தால், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, பெற்றவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.