முதலில் திகதி

திருகோணமலைப் படகுத்துறைக் காவலாளியின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கால்தான். மற்றப் பக்கம் நூல். வானிலை அறிவித்தலில் முதலில் திகதியைத்தான் பார்ப்பார்.

செய்மதிச் சமிக்ஞை பிடிக்கும் அலுவலக வேலையாக ஒருநாள் அங்கே போய், அவர் தந்த கதிரையில் அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். செய்மதி எப்போது தலைக்கு மேல் வரும் என்று இரண்டு மென்பொருள்கள் இரண்டு நேரம் சொல்லின. ஒன்று விலை கூடியது, பிரபலமானது. மற்றது திறந்த மூலம், இலவசம். இலவசத்தைக் கைவிடும்படி அலுவலகத்துக்கு அறிக்கையே எழுதிவிட்டேன்.

“ஓசி எண்டால் இப்பிடித்தான்” என்று அவருக்கும் விளக்கினேன், பெரிய நிபுணன் போல.

“ரெண்டுக்கும் குடுத்த விவரம் ஒரே திகதியோ, தம்பி?”

பார்த்தேன். இலவசத்துக்குப் போன மாதத்துச் சுற்றுப்பாதைத் தரவைக் கொடுத்திருந்தேன். புதியதைக் கொடுத்ததும் இரண்டும் ஒத்துப்போயின.

அறிக்கையைத் திருத்தி, அவர் கேட்டதை என் கண்டுபிடிப்பாக எழுதி, மறுநாள் அவரிடமே பெருமையாக நீட்டினேன். நூலைக் காதில் மாட்டிக்கொண்டு தலைப்பைப் பார்த்தார்.

“இதிலயும் போன மாசத் திகதியெல்லோ போட்டிருக்கிறியள்?”