ஈ காக்கை இல்லாத கட்டடம்

லிஃப்ட்காரர் எங்கே என்று கேட்டால் அந்தக் கட்டடத்தில் யாரும் வழி சொல்வார்கள். லிஃப்ட் எங்கே என்று மட்டும் கேட்கக்கூடாது. அவர் முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். ‘எறங்கறவங்களுக்கு மொதல்ல வழி விடுங்க’ என்று டாக்டர்களையே அதட்டியவர். அந்த மிடுக்கைப் பார்த்துதான், கட்டடம் எழும்பும்போதே அவரை வேலைக்கு எடுத்தார்கள். லிஃப்ட் வருவதற்குள் கட்டியவர்கள் கம்பி நீட்டிவிட்டார்கள். லிஃப்டுக்கென்று விட்ட குழியில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது.

வேலை போய், வாடகை வீடும் கைவிட்டுப் போனபோது, மூன்றாம் மாடியில் கதவில்லாத ஒரு வீட்டில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடியேறினார். அவரைப் பார்த்து இன்னும் சில குடும்பங்கள் வந்தன. மின்சாரம் கிடையாது, கதவு எண் கிடையாது, இங்கேதான் இருக்கிறோம் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அவர் மனைவி தலையணை உறை தைப்பவள். மிஷினை வெளிச்சம் விழும் பக்கமாகப் போட்டு, பொழுது சாயும்வரை மிதிப்பாள். அவளுக்கு ஒரே ஆசைதான். இந்த வீட்டிலிருந்தாவது யாரும் தன்னை எழுந்து போகச் சொல்லக்கூடாது.

அவருக்கு வேறு குறை. அதிகாரம் பண்ண ஆளில்லை. சந்தையில் மூட்டை இறக்கப் போனார். அங்கே அவர் பேச்சை யார் மதிப்பார்கள்? வீட்டில் மதித்த கதையைக் கேட்கவே வேண்டாம்.

இப்படி இருக்கும்போதுதான் படமெடுக்கும் ஓர் அம்மா கேமராவும் முக்காலியுமாக வந்து இறங்கினார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘வீடியோ அம்மா’. கட்டடத்துக்குப் பின்னால் நாணல் காடு, அதைத் தாண்டி ஓர் ஏரி, ஒரு மொட்டைக் குன்று. இவற்றையும் கட்டடத்தையும் மாற்றி மாற்றிப் படமெடுக்கப் போவதாகச் சொன்னார்.

“கதை என்ன மேடம்?” என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

“கதை இல்லைண்ணா.”

“பாட்டு?”

“காத்துச் சத்தம்தான்.”

“யார் யார் நடிக்கறாங்க?”

“யாரும் வரமாட்டாங்க. மனுஷங்க விட்டுட்டுப் போன இடத்தைப் புல்லும் தண்ணியும் எப்படி எடுத்துக்குதுன்னு காட்டணும்.”

“நாங்க இன்னும் போகலையே” என்றாள் மனைவி, மிஷினிலிருந்து தலை தூக்காமல். அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. வீடியோ அம்மா கெட்டவர் இல்லை. விழுந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

அவர் லிஃப்ட்காரர் கையில் ஒரு வாக்கி டாக்கியைக் கொடுத்தார். கேமரா ஓடும்போது ஆள் தெரியக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது, எல்லாம் அண்ணன் பொறுப்பு என்றார். அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் போய்க் கொடித்துணியை எடுக்க வைத்தார், தார்ப்பாயை அவிழ்க்க வைத்தார், அடுப்பை அணைக்க வைத்தார். “இருமல் வந்தா துண்டைக் கடிச்சுக்குங்க” என்று இரண்டாம் மாடிப் பெரியவருக்கு உத்தரவு போட்டார். சினிமா என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை? எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அவர் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்து, “ரெடி மேடம்” என்பார், அந்த ஆஸ்பத்திரிக் குரலில்.

கடைசி நாள், நாணலுக்குள் கேமராவை வைத்துக் கட்டடத்தின் முழு முகப்பையும் எடுத்தார்கள். பாதி ஓடும்போது மூன்றாம் மாடியில் அவர் மனைவி வெளியே வந்தாள். ஒரு பாயை உதறினாள். அப்புறம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பரவாயில்லைண்ணா, நல்லாயிருக்கு” என்றார் வீடியோ அம்மா. “இப்படியே வெச்சுக்கறேன்.”

“வேணாம் மேடம். என் பொறுப்புல இப்படி ஒரு தப்பு இருக்கக்கூடாது. அழிச்சிட்டு இன்னொரு தடவை எடுங்க.”

வீடியோ அம்மா தயங்கினார். தன் கண்ணெதிரே அழிக்கிறவரை இவர் நகரவில்லை. பிறகு படியேறிப் போனார்.

“என் மானத்தை வாங்கிட்டியே. ஊரே என் பேச்சைக் கேக்குது, என் வீட்டுக்காரி கேக்கலை.”

“நம்ம வீட்டுல நாமளே எதுக்குங்க ஒளிஞ்சுக்கணும்?”

பதில் இல்லாதவர்கள் செய்வதை அவரும் செய்தார், கத்தினார். அவளை உள்ளே உட்கார வைத்து, வாசலை மறித்துத் தானும் தரையோடு தரையாகக் குந்திக்கொண்டார். இரண்டாவது தடவை எடுத்ததில் ஈ காக்கை இல்லை.

அடுத்த வருஷம் ஒரு கம்பெனி கட்டடத்தை வாங்கியது. வாங்குவதற்கு முன்பே குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு தர வேண்டும் என்பது சட்டம். அப்படி யாருமே இருந்ததில்லை, வீடு கிடைக்கும் என்று மோப்பம் பிடித்து வந்தவர்கள் இவர்கள் என்றது கம்பெனி. விசாரணை வைத்தார்கள். கம்பெனி வக்கீல் சாட்சி யாரையும் கூட்டி வரவில்லை. இன்டர்நெட்டில் கிடைத்த வீடியோ அம்மாவின் படத்தைச் சுவரில் இருந்த டிவியில் ஓட விட்டார். வாங்குவதற்கு முன்னால் எடுத்தது, எடுத்தவருக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார். வேறு நாட்டில் இருந்த வீடியோ அம்மா போனில் அழுது, ஆட்கள் இருந்தார்கள் என்று எழுதியும் அனுப்பியிருந்தார். இரக்கப்பட்டு எழுதியது என்று வக்கீல் அதை ஒதுக்கிவிட்டார்.

படம் ஓடியது. குழித் தண்ணீர், படிக்கட்டு இடுக்கில் புல், குன்று, ஏரி, காற்று. எல்லோரும் தங்களைத் தேடினார்கள். இரண்டாம் மாடிப் பெரியவர், “அது எங்க வீட்டுச் சுவர்” என்று கை நீட்டினார்.

“சுவர் இருக்கு, ஆள் எங்கே?” என்றார் வக்கீல்.

விசாரணை நடத்திய அதிகாரி நியாயமான மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு டிவி அருகே போய்ப் பார்த்தார். அப்போது முழு முகப்பும் வந்தது. லிஃப்ட்காரர் எழுந்தார்.

“சார், இது ரெண்டாவது தடவை எடுத்தது. மொதல்ல எடுத்ததுல என் வீட்டுக்காரி நிக்கறா. பாய் உதறினா. நல்லாத் தெரிஞ்சா சார்.”

“சரி, அதைக் காட்டுங்க.”

“அது இல்லைங்க சார். நான்தான் அழிக்கச் சொன்னேன்.”

“எதுக்கு?”

அதிகாரி மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். பின்வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளும் இதே கேள்விக்குத்தான் இத்தனை நாளாகப் பதில் எதிர்பார்த்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

“என்கிட்ட பொறுப்பு குடுத்திருந்தாங்க சார்” என்றார் லிஃப்ட்காரர்.