தொடாத பழம்

மாசிலாமணி தன் தோட்டத்து மாம்பழத்தைப் பதினைந்து வருடம் வாயில் வைக்கவில்லை. ஆம்பூருக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் எண்பது மரங்கள். இருபத்து மூன்றாம் வயதில் அவரே குழி தோண்டி, மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்து வளர்த்தவை. அவரை நல்லவர் என்று ஊர் சொல்லும். பிடிவாதக்காரர் என்று சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

1918-இல் விஷ ஜுரம் வந்தது. ஒரே வாரத்தில் மனைவி சாராளும் இரண்டு பெண்களும் போனார்கள். மிஞ்சிய ஒரே மகன் ஜெயகரனும் கண் திறக்காமல் கிடந்தான். மாசிலாமணி மரத்தடியில் முழங்காலிட்டு, இவனை விட்டுவைத்தால் இந்தத் தோட்டத்துப் பழத்தை இனித் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். ஜெயகரன் பிழைத்தான். "கர்த்தர்கிட்ட பேரம் பேசுறது நம்ம வழக்கமில்லை" என்று போதகர் கடிந்துகொண்டார். மாசிலாமணி அதன் பிறகும் பழத்தைத் தொடவில்லை.

ஆனால் ஒவ்வொரு வைகாசியிலும் முதலில் பழுத்த கூடை கோயிலுக்குப் போகும். முதற்பலன் ஞாயிறன்று பீடத்தின் முன் வைத்து ஜெபித்து, பிறகு சபையாருக்குள் ஏலம் விடுவார்கள். அவருடைய கூடைக்கு எப்போதும் போட்டி இருக்கும். பொண்டாட்டி பிள்ளைகளைப் புதைத்தவருக்கு வருடத்தில் அந்த ஒரு காலைப்பொழுதுதான் வெளிச்சம். தான் தின்னாததைக் கடவுள் ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்தார். மனிதன் தன் இழப்புக்கு ஒரு பொருள் தேடாமல் இருப்பதில்லை.

எட்டு வருடம் கழித்து மேட்டு நிலத்தில் ஜியாவுல்லா சாயபு தோல் பதனிடும் கொட்டகை போட்டார். சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரும் உப்புத் தோல் கழுவிய தண்ணீரும் ஆற்றுக்குப் போக வழி வேண்டும். வழி மாசிலாமணியின் தோட்டத்தின் ஊடாகத்தான் இருந்தது.

"வாய்க்கா வுட்டா எனக்கு மேஸ்திரி வேலை தர்றேன்றாரு, நைனா. இல்லேன்னா நான் தங்கவயலுக்குத்தான் போவணும்" என்றான் ஜெயகரன்.

"நீ எங்கியும் போவாத. வெட்டிக்கச் சொல்லு."

சாயபு வஞ்சகர் அல்ல. அவரே நேரில் வந்து, "கெணறு கெட்டாலும் கெட்டுடும், பெரியவரே. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார். மகன் வீட்டோடு இருந்தால் போதும் என்றுவிட்டார் மாசிலாமணி.

வாய்க்கால் ஓடத் தொடங்கிய சில வருடங்களில் கிணற்றங்கரையில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. இலைகளின் நுனி கருகியது. குடிதண்ணீர் ஆற்று ஊற்றிலிருந்து வந்ததால் கிணற்றின் ருசி வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வெயில் ஜாஸ்தி என்று மாசிலாமணி சமாதானம் சொல்லிக்கொண்டார். விற்பனையை ஜெயகரன் பார்த்துக்கொண்டான். "இப்பல்லாம் ஊறுகாக் காய்க்குத்தான் கிராக்கி, நைனா" என்று காயாகவே இறக்கிவிட்டான். பழுக்கவைத்தது கோயில் கூடை ஒன்றைத்தான். அதைக் கிழவர் வைக்கோலிட்டுத் தன் கட்டிலடியில் தானே பழுக்கவைத்தார்.

1933-இல் முதற்பலன் ஞாயிறு முடிந்து வீடு திரும்பியவர், குடையை மறந்துவிட்டதால் மறுபடி கோயிலுக்குப் போனார். பின்பக்கம் ஆடு மேய்க்கும் அருணகிரி நின்றிருந்தான். வேலியோரம் அவருடைய கூடை கவிழ்ந்து கிடந்தது. பழங்கள் மண்ணில் உருண்டிருந்தன.

"இன்னாடா இது?"

"உன்னுதுதான், பெருசு. உன் மனசு நோவக் கூடாதுன்னு ஏலம் எடுக்கறவங்க நாலு வருஷமா இங்கதான் கொட்டிட்டுப் போறாங்க. என் ஆடுங்களே மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குதுங்க." சிரித்தவன், கிழவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நீ தின்னு பாத்ததே இல்லியா?"

மாசிலாமணி ஒரு பழத்தை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஜெயகரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஊருக்கெல்லாம் தெரியும். உனக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஏன்டா சொல்லல?"

மகன் அவர் கையிலிருந்த பழத்தையே பார்த்தான். "சொன்னா நீ தின்னு பாப்ப. நீ நேந்துகிட்டது என் உசுருக்கு. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, நைனா."

"அதுக்காக சாமிக்கு இத வைக்க வுட்டியா?"

"கீழ போடு. வேணாம், நைனா!" அவன் எச்சில் கையோடு எழுந்து வந்தான்.

மாசிலாமணி கடித்தார். சப்பென்றிருந்தது. பின்னால் ஒரு உவர்ப்பு வந்து நாக்கில் நின்றது. கொட்டை வரைக்கும் தின்றார். ஜெயகரன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அவன் சாகவில்லை. மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனான். அப்படியானால் இந்தப் பதினைந்து வருடம் எதற்கு என்று கிழவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லக்கூடிய ஆளும் அங்கே இல்லை.

அடுத்த வைகாசியில் குடியாத்தம் சந்தையில் நல்ல பழமாகப் பொறுக்கி வாங்கிவந்தார். தன் பழைய கூடையில் அடுக்கி, பீடத்தின் முன் வைத்தார். வாசனை கோயில் முழுக்கப் பரவியது. ஏலத்தில் மூன்று பேர் மோதிக்கொண்டார்கள். "தோட்டம் திரும்பிக்கிச்சு போல, ஐயா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். போதகர் அதற்காகத் தனியாக ஒரு நன்றி ஜெபமும் சொன்னார். மாசிலாமணி தலை நிமிரவில்லை. எழுபது வயது தாண்டிய வாழ்வில் அவர் சொன்ன முதல் பொய் அது. அதன் பிறகு முதற்பலன் ஞாயிறுகளில் அவர் கோயிலுக்குப் போகவில்லை.

1938-இல் இறந்தார். அதற்குள் மரங்களில் பாதி பட்டுப்போய், கொட்டகைக்கு விறகாகப் போயிருந்தன. அடக்கத்தில் பேசிய உபதேசியார் வில்சன், அவருடைய காணிக்கைகளை நினைவுகூர்ந்தார். "கடைசியா அவர் கொண்டுவந்த கூடை மாதிரி இனிப்பு நான் கண்டதில்லை" என்றார்.

குழிமேட்டில் நின்ற ஜெயகரன் கைப்பிடி மண்ணை எடுத்துப் போட்டான். அந்தக் கூடைப் பழம் எங்கே வாங்கியது என்று அவனுக்குத் தெரியும். கொட்டகையில் சாயங்கால முறை வேலைக்கு நேரமாகியிருந்தது.